தின்னர் வாசனையும் ஒரு மாணவியின் கேள்வியும்

(இராமநாதபுரம், இராமேசுவரம் கடலோரப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, வினைல் பொம்மைகளுக்கு ஏர்பிரஷால் வண்ணம் தெளிப்பதும் அதன்மேல் கிளியர் கோட் பூசுவதும். தலைப்பைச் சொன்னதும் பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். "நம்ம பள்ளிக்கூடத்துக்கும் ஏர்பிரஷுக்கும் என்ன சம்பந்தம்?" என்ற சிரிப்பு அது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கை தூக்குங்கள். அறிவியல் கண்காட்சிக்காக மாதிரி செய்து, அதற்கு ஸ்பிரே பெயின்ட் டப்பா வாங்கி அடித்தவர்கள் எத்தனை பேர்? பார்த்தீர்களா, பாதி அரங்கம் கை தூக்கிவிட்டது. அந்த டப்பாவும் ஏர்பிரஷும் அக்கா தங்கை. டப்பாவில் வாயு உள்ளேயே அடைத்திருக்கிறது. ஏர்பிரஷுக்குக் கம்ப்ரசரில் இருந்து காற்று வருகிறது. உள்ளே இருக்கும் வண்ணமும், அதைக் கரைத்திருக்கும் கரைப்பானும் ஒரே குடும்பம்தான்.

இன்று நான் பெருமைப்பட ஒரு கதையைச் சொல்லப் போவதில்லை. நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லப் போகிறேன். அதிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்வோம். மூன்றுக்குமான விடை நாம் அன்றாடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிற பாடங்களில்தான் இருக்கிறது.

அந்த ஆவுளியா

பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. நான் அப்போது ஒரு கடலோரப் பள்ளியில் இருந்தேன். அக்டோபர் 15, டாக்டர் அப்துல் கலாம் பிறந்தநாள். இராமேசுவரத்தில் பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்த மனிதரின் பிறந்தநாளை இந்த மாவட்டத்தில் நாம் சும்மா விடுவோமா? எல்லாப் பள்ளிகளிலும் ராக்கெட் மாதிரிதான் வரும். எங்கள் பிள்ளைகள் மாற்றி யோசித்தார்கள். "சார், நம்ம கடலைச் செய்வோம்" என்றார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், பவளப்பாறை, கடல்புல், ஆமை, கடற்குதிரை, நடுவில் ஒரு ஆவுளியா. கடற்பசு என்று புத்தகத்தில் எழுதுகிறோமே, அதை நம் பிள்ளைகள் ஆவுளியா என்றுதான் சொல்லும்.

கடைத்தெருவில் அமுக்கினால் கீச்சென்று சத்தம் போடும் மெத்தென்ற பொம்மைகள் வாங்கி வந்தார்கள். மீன், ஆமை, திமிங்கலம். அவைதான் வினைல் பொம்மைகள். திமிங்கலத்தின் வாலைச் சற்று மாற்றி, மூக்கை அமுக்கி, ஆவுளியா ஆக்கிவிட்டார்கள். கடையில் வந்த சிவப்பும் மஞ்சளும் போய், கடல் உயிரினங்களின் உண்மையான நிறம் வர வேண்டும். தூரிகையால் தீட்டினால் கோடு கோடாகத் தெரிகிறது. எனக்கு ஒரு யோசனை வந்தது. தெரிந்த டிங்கரிங் பெயின்டிங் பட்டறையில் இருந்து சின்னக் கம்ப்ரசரும் ஸ்பிரே கன்னும் ஒருநாள் கடன் வாங்கி வந்தேன். அவர்களிடமே மிச்சமிருந்த எனாமல் பெயின்ட், ஒரு கேன் தின்னர், மேலே அடிக்க என்.சி. கிளியர்.

வெளியே வைத்து அடித்தால் மணல் பறந்து ஒட்டுகிறது என்று ஆய்வகத்துக்குள் போனோம். மணல் வராமல் இருக்க ஜன்னல்களைச் சாத்தினேன். ஆம், நானே சாத்தினேன். நான் நின்றுகொண்டு அடித்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தரையில் உட்கார்ந்து, குச்சியில் செருகிய பொம்மையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அவள் பக்கத்தில், துப்பாக்கியைக் கழுவுவதற்காகத் திறந்த தட்டில் தின்னர் ஊற்றி வைத்திருந்தேன்.

அரைமணி நேரம் இருக்கும். "சார், தலை வலிக்குது" என்றாள். "இதோ முடிஞ்சது, இன்னும் ரெண்டுதான்" என்றேன். அந்தச் சொல்லை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. ரெண்டும் முடிவதற்குள் அவள் வாந்தி எடுத்து, அப்படியே சாய்ந்தாள். தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினோம். மருத்துவமனைக்குப் போனோம். ஆண்டவன் புண்ணியம், மாலைக்குள் தெளிந்துவிட்டாள். அவளுடைய அப்பா படகு வேலை செய்பவர். என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "சார், எங்க வேலையில இதைப் பாத்திருக்கோம். மூடுன எடத்துல அடிக்கவே கூடாது சார். நீங்க படிச்சவுங்க, தெரியும்னு நெனச்சேன்" என்றார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

மறுநாள் ஆய்வகத்தைத் திறந்தால் பொம்மைகளும் கெட்டிருந்தன. ஆவுளியாவின் வயிற்றில் கை வைத்தால் பிசின்போல ஒட்டியது. கீழே விரித்திருந்த செய்தித்தாளின் எழுத்து அப்படியே அதன்மேல் பதிந்திருந்தது. கிளியர் அடித்த ஆமையின் ஓடு பளபளப்பதற்குப் பதிலாக, கண்ணில் புரை விழுந்ததுபோல வெள்ளை பூத்திருந்தது.

ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்த அந்த மாணவி என்னிடம் கேட்டாள்: "சார், நீங்க நின்னுக்கிட்டு இருந்தீங்க, நான் உக்காந்திருந்தேன். அதனாலதான் எனக்கு மட்டும் வந்துச்சா?"

நண்பர்களே, அதுதான் அறிவியல் கேள்வி. கண்காட்சியில் நாங்கள் வைத்த எந்த மாதிரியைவிடவும் பெரிய கேள்வி. அதற்கு எனக்கு அன்று விடை தெரியவில்லை. தேடிப் படித்தேன். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் ஒட்டியது?

முதல் கேள்வி எளிது. பொம்மை ஏன் காயவில்லை?

நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் பி.வி.சி., இந்த மெத்தென்ற பொம்மையும் பி.வி.சி. குழாய் விறைப்பாக இருக்கிறது, பொம்மை ஏன் வளைகிறது? மென்மையாக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருளை அதில் கலந்திருக்கிறார்கள். பொம்மையின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட அது இருக்கலாம். பலகாலமாக இதற்குப் பயன்பட்டு வந்தவை தாலேட்டு வகைப் பொருள்கள். அவை பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பில் கட்டுண்டு கிடப்பதில்லை. பஞ்சில் ஊறிய எண்ணெய்போல உள்ளே இருக்கின்றன; மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வருகின்றன. பழைய பொம்மையைத் தொட்டால் பிசுபிசுக்கிறதே, அது இதுதான்.

இனி எனாமல் பெயின்டைப் பாருங்கள். அது இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் கரைப்பான் ஆவியாகிப் போகும். பிறகு அதில் உள்ள எண்ணெய்ப் பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து வலைபோலப் பின்னி இறுகும். பொம்மைக்குள்ளிருந்து வரும் மென்மையாக்கி இந்த வண்ணப் படலத்துக்குள் ஏறிவிடுகிறது. படலம் இறுக வேண்டிய இடத்தில் இளகியே நிற்கிறது. ஒருநாள் காய்ந்தாலும் ஒட்டும், ஒரு மாதம் காய்ந்தாலும் ஒட்டும்.

அப்படியானால் தொழிற்சாலையில் எப்படிச் செய்கிறார்கள்? வினைல் பொம்மைக்கு வினைல் பிசினையே அடிப்படையாகக் கொண்ட தனி வண்ணம் பயன்படுத்துகிறார்கள். அதன் கரைப்பான் வலிமையானது. பொம்மையின் மேல்தோலைச் சற்றே கரைத்து, வண்ணத்தை அதனுள் கடிக்க வைக்கும். ஜப்பானில் மென்வினைல் பொம்மை செய்வது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது, அங்கும் இப்படித்தான். ஆனால் அந்த வேலை, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டுக்கு முன்னால், வடிகட்டிக் கவசம் அணிந்த பெரியவர்கள் செய்வது. அந்த வண்ணம் பள்ளிக்கு வேண்டாம்.

பள்ளியில் என்ன செய்யலாம்? பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காய வைக்க வேண்டும். நம் ஊருக்கு இது இரட்டிப்பு முக்கியம். கடற்காற்றில் திறந்து கிடந்த எந்தப் பொருளிலும் உப்பு படிந்திருக்கும். வண்ணப் படலத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட உப்பு ஈரத்தை இழுக்கும், கொப்புளம் கிளம்பும். படகுக்கு வண்ணம் பூசுபவர் முதலில் நல்ல தண்ணீரில் கழுவுவது இதற்காகத்தான். பிறகு, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். முதலில் பொம்மையின் அடிப்பாகத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பூசி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை, நகத்தால் சுரண்டினால் உரியவில்லை என்றால் முழுவதும் பூசலாம். இந்த இரண்டு நாள் பொறுமையே மாணவர்களுக்கு ஒரு பாடம்.

ஏன் வெள்ளை பூத்தது?

இரண்டாவது கேள்வி. கிளியர் என்றால் கண்ணாடிபோல இருக்க வேண்டாமா? பால் ஊற்றியதுபோல ஏன் ஆனது?

ஏழாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம்: நீர்மம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். பானைத் தண்ணீர் குளிர்வது அதனால்தான். லாக்கர் தின்னரில் விரைந்து ஆவியாகும் அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். அடித்த நொடியில் அவை பறக்கின்றன. பொம்மையின் மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது. குளிர்ந்த பரப்பின்மேல் காற்றிலுள்ள நீராவி படிகிறது. ஐஸ் போட்ட டம்ளர் வெளியே வியர்ப்பதுபோல. அந்த நுண்ணிய நீர்த்துளிகள், காய்ந்துகொண்டிருக்கும் படலத்துக்குள் மாட்டிக்கொண்டு ஒளியைச் சிதறடிக்கின்றன. நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

எவ்வளவு குளிர்ந்தால் போதும்? 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில், பனிநிலை ஏறத்தாழ 26 டிகிரி. அதாவது நான்கு டிகிரி குளிர்ந்தாலே நீர் படியத் தொடங்கும். மதுரையில் ஒரு கோடை நண்பகலில் அழகாக வரும் கிளியர் கோட், இங்கே ஐப்பசியில் ஏன் பூக்கிறது என்று இப்போது புரிகிறதா? கலாம் பிறந்தநாளை ஒட்டித்தான் வடகிழக்குப் பருவமழையும் தலைகாட்டுகிறது. நம் கண்காட்சி நாளே லாக்கருக்கு ஆகாத நாள்!

பாம்பன் பாலத்தை நாம் எல்லோரும் கடந்து வந்திருக்கிறோம். 1914இல் திறந்த பழைய பாலத்தை உப்புக்காற்றிலிருந்து காப்பாற்ற எத்தனை தலைமுறைத் தொழிலாளர்கள் சுரண்டிச் சுரண்டி வண்ணம் பூசியிருக்கிறார்கள்! 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் என்னும் சிறப்புப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். இரும்புக் கட்டுமானங்களுக்கு வண்ணம் பூசுவோரிடம் ஒரு பொது விதி உண்டு. பூசப்படும் பரப்பு, பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலான வெப்பத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு வேலையைத் தொடங்கக் கூடாது. பாலத்துக்கு உள்ள விதிதான் பொம்மைக்கும்.

இதை வகுப்பில் செய்து காட்டலாம். ஒரு பளபளப்பான எவர்சில்வர் டம்ளரில் பாதித் தண்ணீர், ஒரு வெப்பமானி. ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். டம்ளரின் வெளிப்புறம் எந்த நொடியில் மங்குகிறதோ, அப்போது வெப்பமானி காட்டுவது அன்றைய பனிநிலை. மாணவர்கள் ஒரு மாதம் தினமும் குறித்து வரட்டும். எந்த நாள் வண்ணம் பூச நல்ல நாள் என்று அவர்களே பஞ்சாங்கம் எழுதிவிடுவார்கள்.

பனி ஈரம் விலகிய பிறகு, கடற்காற்று ஓங்குவதற்கு முன், காலை பத்து மணி வாக்கில் பூசுவது நம் கடற்கரைக்கு ஏற்ற நேரம். மழை மூட்டம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீர் வண்ணத்தின்மேல் கரைப்பான் கலந்த கிளியரைக் கனமாக அடித்தால், அடிவண்ணம் சுருங்கி வெடிக்கும். ஸ்கெட்ச் பேனாவால் போட்ட கண்ணும் வாயும் கரைந்து ஓடும். பிள்ளைகள் அழும். தண்ணீர் வண்ணத்துக்குத் தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் வார்னிஷே பொருத்தம். வண்ணம் பூசி ஒருநாள் முழுக்கக் காய்ந்த பிறகு, மெல்லியதாக இரண்டு முறை. ஆவுளியாவுக்கும் ஆமைக்கும் பளபளப்பு தேவையில்லை, மங்கல் வார்னிஷ் போதும். கண்ணுக்கு மட்டும் பளபளப்பு வைத்துப் பாருங்கள், உயிர் வந்துவிடும்.

ஏன் அவள் விழுந்தாள், நான் விழவில்லை?

இப்போது அவளுடைய கேள்விக்கு வருவோம்.

காற்றின் சராசரி மூலக்கூறு எடை ஏறத்தாழ 29. தின்னரில் இருக்கக்கூடிய அசிட்டோனுக்கு 58. டொலுவினுக்கு 92. சைலினுக்கு 106. பத்தாம் வகுப்பு மாணவர் இதைக் கணக்கிட்டுவிடுவார். டொலுவின் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. காற்றோட்டம் இல்லாத அறையில், தரையில் திறந்து வைத்த தட்டிலிருந்து எழும் ஆவி மேலே போகாது. தண்ணீர்போலத் தரையில் படர்ந்து தேங்கும். நான் நின்றிருந்தேன். அவள் அந்தத் தேக்கத்துக்குள் உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டது சரிதான்.

அது மட்டும் காரணமில்லை. தெளித்த வண்ணம் அவள் முகத்துக்கு அருகில் இருந்தது. பெரியவர்களோடு ஒப்பிட்டால் குழந்தைகள் தங்கள் உடல் எடைக்குக் கூடுதலான காற்றைச் சுவாசிக்கிறார்கள். மேலும், தெளிப்பது என்பதே ஆவியாவதை விரைவுபடுத்தும் வேலை. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 60. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குப் பொடித்தால் 6,000. ஏர்பிரஷ் செய்வது அதைத்தான். தூரிகையால் பூசும்போது மெல்ல வரும் ஆவி, தெளிக்கும்போது ஒரே மூச்சில் அறையை நிரப்புகிறது.

இந்த ஆவிகள் முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல் தரும். நாள்பட்டால் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். நாம் கட்டிக்கொள்ளும் துணியும், மருத்துவ முகக்கவசமும், என்-95 கவசமும்கூட ஆவியைத் தடுப்பதில்லை. என்-95 துகளைத் தடுக்கும். ஆவி அதனுள் புகுந்து வந்துவிடும். ஆவியைப் பிடிக்கக் கிளர்வூட்டிய கரி வைத்த வடிகட்டி வேண்டும். அது பிள்ளைகளின் முகத்துக்குப் பொருந்துமாறு கிடைப்பது அரிது. ஆகவே பிள்ளைகளுக்குக் கவசம் வாங்கித் தருவது விடையாகாது. பிள்ளைகள் அந்த இடத்தில் இல்லாமல் இருப்பதுதான் விடை.

தீயையும் மறக்கக் கூடாது. டொலுவினின் தீப்பற்றும் நிலை ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ். அசிட்டோனுக்குப் பூச்சியத்துக்கும் கீழே. அதாவது நம் ஊரில் எந்நேரமும் அவற்றின் ஆவி தீப்பற்றத் தயாராகவே இருக்கும். ஆய்வகத்தில் தரையோடு தவழும் ஆவி, மூலையில் எரியும் ஒரு விளக்கையோ, சுவிட்ச் போடும்போது வரும் பொறியையோ தேடிப் போய்ப் பற்றிக்கொள்ளும். அன்று எங்கள் கம்ப்ரசர் அதே அறையில் ஓடிக்கொண்டிருந்தது. நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

பட்டறையில் "டூ-கே கிளியர்" என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹார்ட்னர் கலந்து கார்களுக்கு அடிப்பது. அதன் பளபளப்பைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கும். அது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவுகூட மூச்சை அடைக்கும். பள்ளி வாசலுக்குள் அதற்கு இடமே கிடையாது.

ஈயத்தைப் பற்றியும் ஒரு சொல். வீட்டு உபயோக, அலங்கார வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை ஒன்றிய அரசு 2016இல் கொண்டுவந்தது. அது 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலை, வாகன வண்ணங்கள் அந்த விதியின் எல்லைக்குள் வராதவை. ஆகவே பட்டறையில் மிச்சமான மஞ்சளும் சிவப்பும் பச்சையும் பள்ளிக்கு இலவசமாக வந்தாலும் வாங்காதீர்கள். பொம்மை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

இப்போது நாங்கள் செய்வது

அந்த ஆண்டுக்குப் பிறகு நான் வகுத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன். உங்கள் பள்ளிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

தொடக்கநிலை வகுப்புகளில் தெளிப்பதே கிடையாது. பஞ்சுத் துண்டை வண்ணத்தில் தொட்டு, காகிதத்தில் ஒருமுறை ஒற்றி ஈரத்தைப் போக்கிவிட்டு, பொம்மையின்மேல் மெல்ல ஒற்றினால் ஏர்பிரஷ் தரும் நிறமாற்றம் அப்படியே வரும். கருநீலத்திலிருந்து வெளிர்நீலத்துக்கு இறங்குவதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யும். பழைய பல்துலக்கியை வண்ணத்தில் தோய்த்து விரலால் சுண்டினால் கடற்குதிரையின் புள்ளிகள் வந்துவிடும். வண்ணம் தண்ணீர் சார்ந்ததாக மட்டும் இருக்கட்டும்.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் ஏர்பிரஷ் காட்டலாம். தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் மட்டும். சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 பவுண்டு அழுத்தம் போதும். இருசக்கர வண்டிச் சக்கரத்துக்குப் பிடிக்கும் காற்றைவிட அது குறைவு. வண்ணத்தைப் பால் பதத்துக்கு நீர்த்து, வடிகட்டி, ஒரு சாண் தூரத்திலிருந்து அடியுங்கள். கையை நிறுத்தாமல் பொம்மையைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். ஒரே முறையில் மூட நினைக்காமல், மூன்று நான்கு மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். தண்ணீர் வண்ணம் என்றாலும் தூவல் நுரையீரலுக்கு ஆகாது. எனவே வராண்டாவில், என்-95 கவசத்தோடு, ஒரு நேரத்தில் ஒரு மாணவர். குழல் முனையைக் காற்று வேகமாகக் கடக்கும்போது அங்கே அழுத்தம் குறைந்து வண்ணம் மேலேறுகிறது என்று இயற்பியல் ஆசிரியர் பக்கத்தில் நின்று விளக்கினால் பெர்னூலி தத்துவம் ஆயுளுக்கும் மறக்காது.

கரைப்பான் கலந்த எதையும் மாணவர்கள் தொடக் கூடாது. வேறு வழியே இல்லை, ராக்கெட் மாதிரிக்கு ஸ்பிரே டப்பாதான் வேண்டும் என்றால், பள்ளி முடிந்து பிள்ளைகள் போன பிறகு, திறந்த வெளியில், பெரியவர் ஒருவர் ஆவி வடிகட்டும் கவசமும் கையுறையும் அணிந்து செய்யட்டும். எப்படி நிற்க வேண்டும் என்பதை அந்த மாணவியின் அப்பாதான் எனக்குச் சொல்லித்தந்தார். காற்றை எதிர்த்து நின்றால் எல்லாம் முகத்தில் அடிக்கும் என்பது நமக்கே தெரியும். காற்றுக்கு முதுகு காட்டி நிற்பதே சரி என்று நினைத்திருந்தேன். அவர் சிரித்தார். "முதுகு காட்டுனா ஒடம்புக்கு முன்னால காத்து சுழலும் சார், பொகை மூஞ்சிக்கே திரும்பி வரும். கச்சானோ வாடையோ, எந்தக் காத்தா இருந்தாலும் பக்கவாட்டுல போகணும்" என்றார். எவ்வளவு நுட்பமான அறிவு! காற்றைப் படித்தவர்கள் நம் பெற்றோர்கள். அவர்களைப் பள்ளிக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

வண்ணம் அடித்த பொருளை வாசனை முற்றிலும் போகும்வரை வகுப்பறைக்குள் கொண்டுவராதீர்கள். மிச்சத் தின்னரை மண்ணில் ஊற்றாதீர்கள். நல்ல தண்ணீருக்கு நம் மாவட்டம் படும் பாடு நமக்குத் தெரியும். தின்னர் துடைத்த துணியை மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். தின்னரை அலமாரியில் பூட்டி வையுங்கள். அதன் வாசனையைப் போதைக்காக முகரும் பழக்கத்துக்கு வளரிளம் பிள்ளைகள் ஆளாகும் ஆபத்தும் இருக்கிறது. பூட்டாத அலமாரி ஒன்று போதும்.

கரைப்பான் என்றால் என்ன என்பதைப் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லாமல் காட்ட ஒரு வழி சொல்கிறேன். ஊதிய ரப்பர் பலூனின் அருகில் ஆரஞ்சுத் தோலை மடித்துப் பிழியுங்கள். தோலிலிருந்து சீறும் எண்ணெய் பட்டதும் பலூன் வெடிக்கும். தோலில் உள்ள லிமோனின் என்ற எண்ணெய் ரப்பரை இளக்கிவிடுகிறது. கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளித்தால் பலூனுக்கு ஒன்றும் ஆகாது. எது எதைக் கரைக்கும் என்ற பாடம் அங்கே தொடங்கிவிடும். அப்போது சொல்லுங்கள்: "பலூனை இளக்குகிற இந்த எண்ணெயைப்போல, கொழுப்பைக் கரைக்கும் தின்னர் ஆவி நம் நரம்புக்குள்ளும் போகும்."

நிறைவாக

நம் கடலோரப் பிள்ளைகள் பலருடைய வீட்டில் யாரோ ஒருவர் படகுக்கு வண்ணம் பூசுகிறார், கண்ணாடி இழைப் படகுக்குப் பிசின் வார்க்கிறார், வாகனப் பட்டறையில் நிற்கிறார், சிப்பிப் பொருள்களுக்கு வார்னிஷ் அடிக்கிறார். விடுமுறையில் பிள்ளையும் போய் நிற்கிறது. 18 வயது நிறையாதவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்வதை வீட்டுக்குக் கொண்டுபோகும் பாதை வகுப்பறைதான். "அப்பா, கொட்டகைக்குள்ள வச்சு அடிக்காதீங்க, ஆவி கீழ தேங்கும்" என்று ஒரு பிள்ளை வீட்டில் சொன்னால், நம் பாடம் தேர்வுத் தாளைத் தாண்டிப் போய்விட்டது என்று பொருள்.

அன்று எனக்குத் தெரியாமல் போனவை எவை? ஆவியாதல், மூலக்கூறு எடை, பனிநிலை, பலபடிகள். நான்கும் எங்கள் பள்ளிப் பாடநூல்களில் இருந்தன. பக்கத்து அறையில் அறிவியல் ஆசிரியர் அவற்றை நடத்திக்கொண்டிருந்தார். நான் ஓவிய அறையில் இருந்தேன். இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவருக்கு விலை கொடுத்தது ஒரு பதின்மூன்று வயதுக் குழந்தை.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த கண்காட்சிக்கு வண்ணம் வாங்கும் முன், ஓவிய ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் பத்து நிமிடம் சேர்ந்து உட்காருங்கள். டப்பாவின் பின்பக்கத்தைச் சேர்ந்து படியுங்கள். ஒரு பிள்ளை "சார், தலை வலிக்குது" என்றால், "இன்னும் ரெண்டுதான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த நொடியே வேலையை நிறுத்தி, பிள்ளையை வெளிக்காற்றுக்கு அழைத்துப் போங்கள். பொம்மை நாளைக்கும் இருக்கும்.

அந்த ஒட்டுகிற ஆவுளியா இன்னும் என் மேசையில் இருக்கிறது. செய்தித்தாள் எழுத்து அதன் வயிற்றில் அப்படியே இருக்கிறது. புதிதாக வரும் ஒவ்வொரு வகுப்பும் அது என்ன என்று கேட்கும். நான் முதலில் இருந்து சொல்லத் தொடங்குவேன்.